கட்டிச் சோப்பும் திரவச் சோப்பும்

நாள்தோறும் நீராடுதல் நம் நாட்டின் பழைய வழக்கம். நீராடும் வழக்கம் மாறவில்லை. நீராடுவோர் கையிலுள்ள பொருளே தலைமுறைதோறும் மாறி வந்துள்ளது. பாட்டியார் பயற்றமாவும் மஞ்சளும் தேய்த்துக் குளித்தார். தந்தையார் சோப்புக் கட்டியைக் கைக்கொண்டார். மகனோ ‘பாடி வாஷ்’ எனப்படும் திரவச் சோப்பை விரும்புகிறான். மூவரும் ஓரில்லத்தில் வாழுங்கால், எது சிறந்தது என்னும் வழக்கு எழுவது இயல்பே.

“திரவத்தால் அழுக்கு நீங்குமா?” என்பது முதியோர் வினா. “பலர் தொட்ட கட்டியில் கிருமிகள் தங்காவா?” என்பது இளையோர் வினா. இவ்விரண்டையும் ஆராய்வோம்.

எண்ணெய்ப் பசையோடு கூடிய அழுக்கை நீர் மட்டும் எளிதில் அகற்றாது. சோப்பின் மூலக்கூறு ஒவ்வொன்றும் இரு முனைகளை உடையது. ஒரு முனை எண்ணெயைப் பற்றும். மற்றொரு முனை நீரைப் பற்றும். இணங்காத இருவரை இணைத்து வைக்கும் நடுவரைப்போல, அஃது அழுக்கை நீரோடு சேர்த்து அனுப்பிவிடுகிறது. கட்டியும் திரவமும் செய்யும் தொழில் இதுவே. திரவச் சோப்பு நேற்றுத் தோன்றியதும் அன்று. அமெரிக்காவில் 1865ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. ஆதலின் முதியோர் ஐயம் பொருந்தாது.

இளையோர் அச்சமும் அத்தகையதே. 1988ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், கிருமிகள் ஏற்றப்பட்ட கட்டிகளைக் கொண்டு சிலர் கை கழுவினர். பின்னர் அவர்தம் கைகளில் அக்கிருமிகள் காணப்படவில்லை. கட்டியை நீரில் ஊறவிடாது, நீர் வடியும் தட்டில் உலரவைத்தல் நன்று. தோல்நோய் உடையவர் தமக்கெனத் தனிக்கட்டி கொள்ளுதல் வேண்டும்.

அங்ஙனமாயின் எதனைக் கொள்வது? பெரும்பாலோர்க்குக் கட்டியே போதும் என்பது என் கருத்து. புட்டியில் உள்ள திரவத்தில் பெரும்பகுதி நீரே. அந்நீருக்கும் நாம் விலை கொடுக்கிறோம். திரவம் தீர்ந்தபின் பிளாஸ்டிக் புட்டியைக் குப்பையில் எறிகிறோம். கட்டியோ மெல்லிய உறையில் அடங்கும். முழுதும் கரைந்து தீரும். எனினும், காரத்தன்மையுள்ள சோப்பினால் சிலர் தோல் வறண்டு அரிக்கும். அன்னோர் மருத்துவர் கூறும் மென்மையான திரவத்தைக் கொள்ளுதல் தகும். பலர் புழங்கும் பொதுவிடங்களுக்கும் திரவம் ஏற்றதே. தேவை நோக்கி வாங்குதல் அறிவுடைமை; விளம்பரம் நோக்கி வாங்குதல் அறியாமை.

இவ்வழக்கில் இரு சாராரும் மறந்த பொருள் ஒன்று உண்டு. புறத்தூய்மைக்குத் திருவள்ளுவர் கூறிய கருவி நீரே. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. மக்கள் குடங்களுடன் தெருவில் காத்து நின்றனர். கட்டியைத் தேய்ப்பினும் திரவத்தைத் தேய்ப்பினும், தேய்க்கும் பொழுதெல்லாம் குழாயைத் திறந்து விடுவோமாயின் நம் தூய்மை பிறர் தாகத்திற்குக் காரணமாகும்.

மாணவர்களே! பாட்டியாரின் பயற்றமாவை எள்ளாதீர்கள். தம்பியின் புட்டியையும் பழியாதீர்கள். சோப்பு எதுவாயினும் ஆகுக; நீரை அளந்து வழங்குங்கள்.