மீண்டு வரும் கருவிகள்

அண்மையில் எங்கள் அளவெட்டிக் கோயிலொன்றின் திருவிழாவில் மேளச்சமா கேட்டுக்கொண்டிருந்தேன். இராக ஆலாபனையின் நடுவே மின்சாரம் நின்றுவிட்டது. நாதஸ்வரம் நிற்கவில்லை, கலைஞரின் காலடியிலிருந்த சுருதிப்பெட்டி மாத்திரம் ஓய்ந்தது. முன்னாளில் அவ்விடத்தில் ஒத்து ஊதுபவர் இருப்பார். மூக்கால் மூச்சை உள்ளிழுத்து, கன்னத்தில் தேக்கிய காற்றால் ஒரே சுரத்தை இடையறாது நிறுத்துவார். அவரில்லாத வெறுமையை அன்றுதான் உணர்ந்தேன்.

இவ்வேளையில் மேல்நாட்டார் செய்தியொன்றும் சிந்தனைக்கு வருகின்றது. மின்சுற்றுகளால் ஒலியை உண்டாக்கும் சின்தசைசர் வாத்தியங்களுள் புகழ்பெற்றது, 1970இல் வெளிவந்த மினிமூக். 1981இல் அதன் உற்பத்தி நின்றது. 1983இல் யமஹாவின் டி.எக்ஸ்.7 போன்ற எண்முறைக் கருவிகள் வந்ததும் பழையவை மதிப்பிழந்தன. வெப்பம் மாறினால் சுருதி நழுவும் என்பது அவற்றின் மீது சொல்லப்பட்ட பெருங்குறை. காலஞ்செல்ல, அந்தச் சிறு நழுவலே ஒலிக்கு உயிரூட்டியது என்று இசைவாணர் கண்டுகொண்டனர். பழங்கருவிகளின் விலை ஏறிற்று. 1978ஆம் ஆண்டுக் கோர்க் எம்.எஸ்.20, 2013இல் சிற்றுருவில் மறுபிறவி எடுத்தது. மினிமூக்கும் 2016இல் மீண்டும் வந்தது.

நம்மவர் கதையும் இதில் உண்டு. பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், றோலன்ட் கருவிகளைக்கொண்டு பத்து இராகங்களை வாசித்து 1982இல் இசைத்தட்டு வெளியிட்டார். அன்று அதைக் கேட்பாரில்லை. 2010இல் அது மறுபதிப்பானபோது உலகம் வியந்தது.

இவையெல்லாம் மீண்டதற்குக் காரணம் என்ன? சுற்றின் வரைபடமும் ஒலித்தட்டும் எஞ்சியிருந்தன. வரைபடம் இருந்தால் தொழிற்சாலை மறுபடியும் செய்து தரும். ஆனால் ஒத்தின் நிலை வேறு. விரல் துளைகளற்ற அந்தக் குழலைப் பெரும்பாலும் ஏந்தியவன் இளஞ்சீடன். குருவின் அருகே இருந்து, மூச்சைப் பழகி, சுருதியைச் செவியில் ஊன்றி, இராகம் விரியும் வழியை இரவிரவாகக் கேட்டு வளர்ந்தான். சுருதிப்பெட்டி ஒலியைத் தந்தது. அந்தச் சீடனின் இடத்தை எடுத்துக்கொண்டது. அவ்விடத்தை எந்தத் தொழிற்சாலையும் மறுபதிப்புச் செய்யமாட்டாது.

சுருதிப்பெட்டியை நான் பழிக்கவில்லை. ஆள் குறைந்த குழுவுக்கு அது பேருதவி, செலவும் சிறிது. எனினும் தெட்சணாமூர்த்தியின் தவிலும் என்.கே.பத்மநாதனின் நாதஸ்வரமும் முழங்கிய இந்த மண்ணுக்கு ஒரு கடமை உண்டு. கோயில் பரிபாலன சபையார் திருவிழாச் செலவில் ஒத்து ஊதும் மாணவன் ஒருவனுக்கும் சன்மானம் ஒதுக்கவேண்டும். வித்துவான்கள் அவனை அழைத்துவர வேண்டும். மேல்நாட்டார் இழந்தபின் தேடினர். நாம் இழக்குமுன் பேணலாம்.

பெட்டி இருக்கட்டும், அதன் பக்கத்தில் ஒரு பிள்ளையும் இருக்கட்டும்.