எங்கே நடக்கறது, டாக்டர்?

"நடங்கன்னு சுலபமா சொல்லிட்டீங்க... எங்கே நடக்கறது டாக்டர்?"

திருவொற்றியூரிலிருந்து வந்திருந்த அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். சர்க்கரை வந்து ஆறு வருடம். முழங்கால் வலி வேறு. வழக்கம்போல நாடி பார்த்து, சூரணம் எழுதி, பத்தியம் சொல்லி, கடைசியில் 'தினமும் முக்கால் மணி நேரம் நடக்கணும்' என்று முடித்தேன். அதற்குத்தான் இந்தக் கேள்வி.

"வாசல்ல இறங்கினா கன்டெய்னர் லாரி. பிளாட்பாரத்து மேல பைக் நிக்குது. நல்ல பார்க்குக்குப் போகணும்னா பஸ் பிடிக்கணும். மொட்டை மாடியில எட்டு போட்டுப் பார்த்தேன். ரெண்டே நாள்ல அலுத்துப்போச்சு!"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கால் நூற்றாண்டுக்கும் மேலாக எத்தனை ஆயிரம் பேருக்கு 'நடக்கவும்' என்று எழுதிக் கொடுத்திருப்பேன்! கடைச்சரக்கு எங்கே கிடைக்கும் என்று சொல்லாமல் மருந்தை மட்டும் எழுதினால் அது அரை வைத்தியம்தானே? நடை விஷயத்தில் டாக்டர்களாகிய நாங்கள் எல்லோருமே அரை வைத்தியம்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

அன்றிரவு யோசித்தேன். நம் பெரியவர்களுக்குப் பூங்காவும் இல்லை, 'வாக்கிங் டிராக்'கும் இல்லை. அவர்கள் எங்கே நடந்தார்கள்?

சுற்றினார்கள்! கோயிலைச் சுற்றினார்கள். மலையைச் சுற்றினார்கள். ஊரைச் சுற்றினார்கள்.

சுற்றி வருவதில் என்ன விசேஷம்?

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். காசியில் பஞ்சகுரோசி யாத்திரை என்று ஏறக்குறைய 80 கிலோமீட்டர் சுற்று. ஐந்து நாள் நடப்பார்கள். ஜப்பானில் ஷிக்கோக்கு தீவைச் சுற்றி 88 கோயில்களைத் தரிசிக்கும் பாதை சுமார் 1,200 கிலோமீட்டர்!

பக்திக்காக மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் வருடத்துக்கு ஒருமுறை ஊர்க்காரர்கள் கூடி, ஊர் எல்லையைச் சுற்றி வந்து, எல்லைக் கற்களைக் கோலால் தட்டிவிட்டு வருவது பழைய வழக்கம். சின்னப் பிள்ளைகளையும் கூட்டிப்போவார்கள். வரைபடம் இல்லாத காலத்தில் 'இதுவரை நம் ஊர்' என்று அடுத்த தலைமுறைக்குக் காலால் கற்றுக்கொடுத்த பாடம் அது.

அதே நாட்டில் ரட்லண்டு என்று ஒரு குட்டி மாவட்டம். பழைய மாவட்டங்களிலேயே மிகச் சிறியது. 1974-ல் அதைப் பக்கத்து மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. 1997-ல் மறுபடி தனியாக வாங்கிவிட்டார்கள். இன்றைக்கு அந்த மாவட்டத்தைச் சுற்றிவர 65 மைல், அதாவது சுமார் 105 கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை இருக்கிறது. பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள்.

வைத்தியன் என்ற முறையில் இதில் எனக்கு ஒரு சூட்சுமம் தெரிகிறது. நேராகப் போகிற பாதையில், கால் வலித்ததும் திரும்பிவிடத் தோன்றும். சுற்றுப் பாதை அப்படியல்ல. பாதி வந்துவிட்டால் மீதியையும் முடிக்கத்தான் தோன்றும்! மொட்டை மாடியில் அலுப்புத் தட்டுகிறது. ஊரைச் சுற்றினால் கண்ணுக்கும் வேலை, மனசுக்கும் வேலை.

நம் எல்லை எது?

"அதெல்லாம் திருவண்ணாமலை, இங்கிலாந்து... ராயபுரத்தில் எதைச் சுற்றுவது?" என்கிறீர்களா? இருக்கிறது. தினமும் அதன் மேல்தான் பஸ்ஸில் போய்வருகிறீர்கள்!

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை, கோட்டைக்கு வடக்கே இருந்த கறுப்பர் பட்டணத்துக்குள் புகுந்தது. அதுதான் இன்றைய ஜார்ஜ் டவுன். பிறகு 1767-லும் 1769-லும் மைசூர்ப் படை சென்னை வாசல்வரை வந்தது. இந்தப் பயத்தில் கம்பெனிக்காரர்கள் பட்டணத்தின் வடக்கிலும் மேற்கிலும் பெரிய மதில் எழுப்பினார்கள். கிழக்கே கடல். தெற்கே கோட்டைக்கு எதிரில் வெட்டவெளி. அந்த வெட்டவெளியில் யாரும் வீடு கட்டிவிடக் கூடாது என்று 1773-ல் ஆறு எல்லைத் தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று இன்னும் பாரிமுனையில் நிற்கிறது. அடுத்தமுறை பஸ்ஸுக்கு நிற்கும்போது தேடிப் பாருங்கள்.

அந்தத் தூணிலிருந்தே புறப்படலாம். ராஜாஜி சாலையில் வடக்கே ஜி.பி.ஓ., பீச் ஸ்டேஷன். 'பீச்' என்று பெயர், பீச்சைக் காணோம். துறைமுகம் வருவதற்கு முன் கடல் இந்தச் சாலையோரம்வரை இருந்தது என்பதற்கு அந்தப் பெயர்தான் மிச்சம். மேலே போனால் கிளைவ் பேட்டரி. அது பட்டணத்தின் வடகிழக்கு மூலை. அங்கிருந்து மேற்கே திரும்பி ஓல்டு ஜெயில் ரோடு. அங்கே பழைய மதிலின் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. அதன் மேல்தான் ஒரு காலத்தில் 'மாடிப் பூங்கா' அமைத்தார்கள். பக்கத்தில் பாரதி மகளிர் கல்லூரி; பழைய சிறைச்சாலை இருந்த இடம். அப்படியே போனால் மிண்ட், அதாவது வள்ளலார் நகர். அதையும் தாண்டி, தெற்கே திரும்பினால் வால்டாக்ஸ் ரோடு. மதில் கட்டிய செலவுக்காக மக்கள் தலையில் வரி போட நினைத்தார்களே, அந்த 'வால் டாக்ஸ்'தான்! (இப்போது வ.உ.சி. சாலை.) சென்ட்ரல் வந்ததும் கிழக்கே திரும்பி, பூக்கடை, ஹைகோர்ட் வழியாக மறுபடி பாரிமுனை.

மொத்தம் ஏறக்குறைய 7 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைகள் திறக்குமுன் போய்ப் பாருங்கள். 'நம்ம பாரிஸ் கார்னரா இது!' என்பீர்கள்.

வள்ளலார் நடந்த வழி

இன்னொரு பாதையும் உண்டு. அது சுற்று அல்ல. எல்லையைத் தாண்டிப் போகிற வழி. மதிலுக்கு உட்பட்ட ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வாழ்ந்த வள்ளலார், அடிக்கடி திருவொற்றியூருக்கு நடந்தே போய் வடிவுடையம்மனைத் தரிசித்து வந்தார் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. போக மட்டும் 7 கிலோமீட்டர்! கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் வீட்டு மருந்தாக நமக்குச் சொன்னவர், தன் உடம்புக்கு நடையையும் வைத்திருந்தார்.

இன்றைக்கு அதே வழியில் தண்டையார்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை. (காலட் என்ற கவர்னர் பெயர்தான் நம் வாயில் 'காலடி' ஆகிவிட்டது. நடப்பவர்களுக்கு ஏற்ற பெயர்!) தேரடி வந்ததும் திருவொற்றியூர். முடிந்தவரை நடந்துவிட்டு மெட்ரோவில் திரும்பிவிடலாம். 2021 முதல் விம்கோ நகர் வரை ஓடுகிறதே!

முன்பெல்லாம் இதைக் கடற்கரையோரமாகவே நடந்து போக முடிந்தது. அந்த மணல் எங்கே போயிற்று? வங்கக் கடலில் கரையோர மணல் வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகத்தின் சுவர் அதைத் தடுத்தது. தெற்குப் பக்கம் மணல் குவிந்து மெரினா அகலமானது. வடக்கே நமக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் கரையைத் தின்றது. இப்போது கருங்கல்லைக் கொட்டித் தடுத்து வைத்திருக்கிறோம். மெரினாவில் காலையில் நடக்கிறார்களே, அவர்கள் காலடியில் இருப்பதில் நம் மணலும் உண்டு, ஐயா!

துறைமுகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் ஊருக்கெல்லாம் சரக்கு இறக்கிக் கொடுத்த வடசென்னைக்கு, நடக்க ஒரு பாதையாவது திருப்பிக் கொடுக்க வேண்டாமா? அதுதான் என் கேள்வி.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பழைய மதில் ஓடிய வழியில் இடைவெளி இல்லாத நடைபாதை. மூலைக்கொரு கல், 'இதுதான் எல்லை' என்று ஒரு பலகை. குடிநீர், கழிப்பறை, உட்கார நாலு பெஞ்சு. திருவொற்றியூர் வழியிலும் அதே வசதி. மதில் காலத்தில் ஓல்டு ஜெயில் ரோட்டோடு முடிந்த பட்டணம் இது. 2011-ல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி எல்லாம் மாநகராட்சியில் சேர்ந்த பிறகு எல்லை எண்ணூர்ப் பக்கம் போய்விட்டது. எல்லையை நீட்டியவர்கள் பிளாட்பாரத்தையும் நீட்டியிருக்கலாம்!

"இந்தப் புகையில் நடந்தால் நோய் வராதா?"

நியாயமான சந்தேகம். தொழிற்சாலைப் பகுதியில் இருக்கிறோம். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்ததையும், அதே மாதக் கடைசியில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் வீட்டை விட்டு ஓடியதையும் மறக்க முடியுமா?

அதனால் நேரம் பார்த்து நடக்க வேண்டும். மார்கழி, தையில் விடியற்காலைக் குளிர்காற்று தரையோடு படிந்து நிற்கும். புகையும் அதோடு தங்கிவிடும். அந்த மாதங்களில் நாலரை மணி நடை வேண்டாம். சூரியன் நன்றாக எழும்பிய பிறகு போங்கள். கோடையில் நேர்மாறு: வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். காற்றில் நெடி அடிக்கும் நாளில் வீட்டுக்குள்ளேயே நடங்கள். ஆஸ்துமாக்காரர்கள் மெயின் ரோட்டை விட்டு உள்தெருக்களில் போவது நல்லது.

புகையைக் காரணம் காட்டி உட்கார்ந்துவிடுவது மட்டும் தீர்வாகாது. உட்கார்ந்தால் சர்க்கரையும் ஏறும்; புகையும் குறையாது!

நடக்குமுன் கவனியுங்கள்

முதல் நாளே 7 கிலோமீட்டர் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் நடங்கள். நாலு ஞாயிற்றுக்கிழமையில் நாலு பக்கமும் முடிந்துவிடும். பிறகு முழுச் சுற்று.

வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடமாவது வேக நடை தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

சாப்பிட்ட பின் குறுநடை போடச் சொல்கிறார் தேரையர். உணவுக்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும் என்று இன்றைய ஆராய்ச்சியும் ஒப்புக்கொள்கிறது. தெருமுனைவரை போய்வந்தால் போதும்.

சர்க்கரைக்காரர்கள் எக்காரணம் கொண்டும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம், கிரிவலமானாலும் சரி. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு முள் தைத்தது தெரியாது, கொப்புளம் தெரியாது. 'சாமி காரியம்' என்று நடந்து, புண்ணோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. மெத்தென்ற செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு நடந்தால் சாமி கோபித்துக்கொள்ளாது. வீடு வந்ததும் கால் கழுவித் துடைத்து, விரலிடுக்குவரை பாருங்கள். மருந்தும் இன்சுலினும் எடுப்பவர்கள் பையில் கொஞ்சம் சர்க்கரை வைத்திருங்கள். நெஞ்சில் பாரம், இடது தோளில் வலி, அளவுக்கு மீறிய மூச்சிரைப்பு என்றால் உடனே நின்று, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கஷாயம் குடித்துப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்.

பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். எல்லைத் தூணைத் தொட்டுக் காட்டுங்கள்.

அந்த அம்மாள் என்ன ஆனார்?

இரண்டு மாதம் கழித்து வந்தார். பெண்ணையும் அழைத்துக்கொண்டு நாலு பக்கமும் முடித்துவிட்டாராம். சர்க்கரை எவ்வளவு குறைந்தது என்று இங்கே எழுத மாட்டேன். ஒருவர் உடம்புக் கணக்கு இன்னொருவருக்குப் பொருந்தாது.

ஆனால் அவர் சொன்ன ஒரு விஷயத்தை எழுதத்தான் வேண்டும்.

"டாக்டர், எங்க தெருமுனையில சாக்கடை மூடி உடைஞ்சு கிடக்கு. இத்தனை வருஷமா ஆட்டோவுல போனதால தெரியவே இல்ல. நாலு பேர்கிட்ட கையெழுத்து வாங்கி வார்டு ஆபீஸ்ல மனு கொடுத்துட்டேன். இன்னும் மாத்தல. மறுபடி போகப்போறேன்."

நடக்கிறவன் கண்ணுக்குத்தான் குழி தெரியும். குழி தெரிந்தவன்தான் கேள்வி கேட்பான். நம் ஊருக்குப் பாதை வராததற்கு ஒரு காரணம், நாம் நடப்பதை நிறுத்திவிட்டதும்தான் என்று நினைக்கிறேன். பத்துப் பேர் நடந்தால் அது வேடிக்கை. ஆயிரம் பேர் நடந்தால் அதை யாரும் பாதையில்லை என்று சொல்ல முடியாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை பாரிமுனைத் தூணருகே ஆரம்பியுங்கள். உடைந்த மூடி எங்கெங்கே என்று குறித்துக்கொண்டே வாருங்கள். அதுவும் வைத்தியம்தான்!