கொலைகாரனின் பாட்டும் கொல்லப்பட்டவளின் பெயரும்

கார்லோ ஜெசுவால்டோ என்ற பெயரை யூரியூப்பில் தேடிப் பாருங்கோ. முதலில் வாறது பாட்டு இல்லை, கொலை. மனைவியைக் கொன்ற இளவரசர், பைத்தியக்கார மேதை, இருண்ட இசை என்று தலைப்புகள் வரிசையாக நிற்கும். பாட்டுக்குக் கீழே உள்ள கருத்துகளிலும் அதே கதைதான். பாட்டைப் பற்றி ஒரு வரி, கொலையைப் பற்றிப் பத்து வரி.

கொலை நடந்தது உண்மை. 1590 ஒக்டோபர் 16ஆம் திகதி இரவு, நேப்பிள்ஸ் நகரத்தில், வெனோசாவின் இளவரசரான ஜெசுவால்டோ தன் மனைவி மரியா தாவலோஸையும் அவளுடைய காதலரான ஆந்திரியாவின் கோமகன் பப்ரிசியோ கராபாவையும் தன் ஆட்களோடு சேர்ந்து கொன்றார். அதிகாரிகள் வந்து சாட்சியங்களைப் பதிந்தார்கள். அதோடு சரி. வழக்கு மூடப்பட்டது. நான்கு வருடத்தில் அவருக்கு இரண்டாவது கலியாணமும் நடந்தது.

இதில் என் பிரச்சினை, ஏன் இந்த ஆளின் பாட்டைக் கேட்கிறீர்கள் என்பது இல்லை. பாட்டைக் கேளுங்கோ, நானும் கேட்கிறேன். ஆனால் அந்தக் கொலையைப் பாட்டுக்கு மசாலாவாகத் தூவுவதை நிறுத்த வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வாறது. அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கு. ஒன்று இசை பற்றியது, மற்றது பெண்கள் பற்றியது.

முதலில் மட்ரிகல் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வளர்ந்த, கோயிலுக்கு வெளியே பாடப்பட்ட பாட்டு வகை அது. நாலு, ஐந்து, ஆறு குரல்கள் சேர்ந்து பாடும். ஒரு குரல் மெட்டைப் பாட மற்றக் குரல்கள் பின்னணி கொடுக்கிற கதை இல்லை. ஒவ்வொரு குரலுக்கும் தனி வழி இருக்கு. கவிதை எங்கே போகுதோ இசையும் அங்கே போகும். பெருமூச்சு என்று சொல் வந்தால் பாட்டு மூச்சை நிறுத்தும், வானம் என்று வந்தால் சுரம் மேலே ஏறும். வெனிஸ் நகர அச்சகங்கள் இதை ஒரு பெரிய வியாபாரமாகவே நடத்தின. ஆர்காடெல்ட் என்பவரின் முதல் மட்ரிகல் புத்தகம் 1539 தொடக்கம் ஐம்பதுக்கும் மேற்பட்ட தடவைகள் அச்சாகியது. வீட்டில் நாலு பேர் மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு புத்தகத்தைப் பார்த்துப் பாடுவார்கள்.

ஜெசுவால்டோ இந்த உலகத்தில் கடைசிக் கட்டத்தில் வந்தவர். ஆறு மட்ரிகல் புத்தகங்கள் வெளியிட்டார். 1611இல் வந்த கடைசி இரண்டும்தான் ஆக்கள் அதிகம் கதைக்கிறவை. அதில் வரும் ‘மோரோ, லாஸ்ஸோ’வைக் கேட்டால் இன்றைக்கும் காது திடுக்கிடும். அரைச்சுரம் அரைச்சுரமாக நகர்ந்து, எதிர்பாராத இடத்துக்குப் பாட்டு சறுக்கிப் போகும். இது 400 வருடம் பழைய பாட்டா என்று கேட்கத் தோன்றும்.

இங்கேதான் கதை தொடங்குது. இவ்வளவு விசித்திரமாக எழுதினார் என்றால், அது கொலை செய்த மனச்சாட்சியின் குரலாகத்தான் இருக்க வேண்டுமாம். 1926இல் ஆங்கிலத்தில் வந்த அவர் வரலாற்றின் தலைப்பிலேயே இசைஞர், கொலைகாரர் என்ற இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். 1995இல் ஜேர்மன் இயக்குநர் வேர்னர் ஹெர்சொக் எடுத்த படத்தின் பெயர் ‘ஐந்து குரல்களுக்கான மரணம்’. கொலை இல்லாமல் இந்த மனிதரை அறிமுகப்படுத்த ஒருத்தருக்கும் தெரியவில்லை போல.

ஆனால் இசை வரலாறு வேறு கதை சொல்லுது. 1594இல் ஜெசுவால்டோ இரண்டாவது கலியாணத்துக்காகப் பெராரா நகரத்துக்குப் போனார். அங்கே இந்த அரைச்சுரப் பைத்தியம் அவருக்கு முன்பே இருந்தது. சிப்ரியானோ டி ரோரே அங்கே 1550களிலேயே இப்படியான சோதனைகளைச் செய்தவர். நிக்கோலா விசென்டினோ ஸ்தாயியை வழமையான பன்னிரண்டை விட நுணுக்கமாகப் பிரித்து வாசிக்கக்கூடிய ஒரு விசைக்கருவியையே உருவாக்கி, 1555இல் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். பெராரா அரண்மனை இசைஞரான லுட்சாஸ்கி ஜெசுவால்டோ மதித்த ஆள். தன் மட்ரிகல் புத்தகம் ஒன்றை 1594இல் ஜெசுவால்டோவுக்கே சமர்ப்பித்தார். இவர்களில் ஒருவரும் மனைவியைக் கொன்றதாகக் கதை இல்லை. ஜெசுவால்டோ இவர்களிடமிருந்து படித்தார், பிறகு அவர்களைத் தாண்டிப் போனார். அதற்குப் பெயர் உழைப்பு.

பாட்டு முழுக்கச் சாவு சாவு என்று வருதே என்று கேட்கலாம். மட்ரிகல் உலகத்தில் காதலர் எல்லாரும்தான் சாகிறார்கள். ஆர்காடெல்ட்டின் பிரபலமான அன்னப் பாட்டும் சாவு பற்றியதுதான். அந்தக் கவிதைகளில் ‘சாகிறேன்’ என்பது பல இடங்களில் உடலின்பத்துக்கான மறைசொல். அக்காலத்துக் கேட்டவர்களுக்கு அது நல்லாக விளங்கும். ஒரு பாட்டு வகையின் பொது வழக்கத்தை எடுத்து ஒரு தனி மனிதனின் வாக்குமூலமாக வாசிப்பது சரியான வாசிப்பு இல்லை.

இனி இரண்டாவது காரணம். ஜெசுவால்டோவின் கொலையை ஒரு அபூர்வமான, பயங்கரமான, மேதைக்கு மட்டுமே உரிய ஒன்றாகக் காட்டுவதுதான் இந்தக் கதையின் பெரிய பொய். அது அபூர்வம் இல்லை.

பெராரா அரண்மனையில் 1580 தொடக்கம் ஒரு பெண்கள் பாடகர் குழு இருந்தது. லவுரா பெவெராரா யாழ் வாசிப்பாள், லிவியா தார்கோ வயோலா, அன்னா குவாரினி லூட். மூன்று பேரும் பாடுவார்கள். அவர்களின் பாட்டைக் கேட்க அழைப்புக் கிடைத்தால் அது பெரிய மரியாதை. பாடல்களை அச்சுக்கு விடாமல் கோமகன் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். இத்தாலியின் மற்ற அரண்மனைகளும் இதைப் பார்த்துத் தங்களுக்கும் பெண்கள் குழு வேண்டும் என்று ஓடின. 1597இல் கோமகன் இறந்தார். அடுத்த வருடம் அன்னா குவாரினியை அவளுடைய கணவன் கொன்றான். அவன் பாட்டு எழுதாதபடியால் அவனைப் பற்றி ஒருத்தரும் படம் எடுக்கவில்லை.

இன்னும் ஒன்று. 1568இல் மத்தலேனா கசுலானா வெனிசில் ஒரு மட்ரிகல் புத்தகம் வெளியிட்டாள். மேற்கத்திய இசை வரலாற்றில் முழுக்க ஒரு பெண்ணின் இசையாகவே அச்சில் வந்த முதல் புத்தகம் அது. அதன் சமர்ப்பணத்தில், அறிவு தங்களுக்கு மட்டும்தான் என்று நினைக்கும் ஆண்களின் பிழையை உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்ற கருத்தை நேராகவே எழுதினாள். 1568இல்! யாருக்குச் சமர்ப்பித்தாள் என்றால், புளோரன்ஸ் நகரத்து இசபெல்லா டி மெடிசிக்கு. அந்த இசபெல்லா 1576 ஜூலையில் இறந்தாள். கணவன்தான் கொன்றான் என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. நோயால் இறந்தாள் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதே மாதம், சில நாட்களுக்கு முதல், அதே குடும்பத்துக்கு மருமகளாக வந்த லியோனோரா தன் கணவன் கையால் கொல்லப்பட்டதில் சந்தேகம் இல்லை.

இப்படி எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஜெசுவால்டோ செய்தது என்ன? தன் வர்க்கத்து ஆண்கள் பலர் செய்ததை, மானம் என்ற பெயரில் சட்டம் கண்டும் காணாமல் விட்டதை, அவரும் செய்தார். அதை மேதைமையின் இருட்டு என்று சொல்லும்போது, அந்தச் சமூகத்தை நாங்கள் விடுதலை செய்துவிடுகிறோம்.

கலையையும் கலைஞரையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று சிலர் சொல்லுவார்கள். சரி, பிரியுங்கோ. ஆனால் ஜெசுவால்டோ விஷயத்தில் ஒருத்தரும் பிரிக்கவில்லையே. கொலையை விளம்பரப் பலகையாக முன்னுக்கு வைத்துவிட்டு, கேள்வி கேட்டால் மட்டும் கலை வேறு ஆள் வேறு என்கிறார்கள். இன்னொரு பக்கம், கதை சொன்னால்தானே புது ஆக்கள் கேட்பார்கள் என்ற வாதமும் இருக்கு. அது உண்மையும்தான். ஆனால் ஒரு பெண்ணின் சாவைக் கொண்டுதான் ஒரு பாட்டுக்கு ஆள் சேர்க்க வேண்டுமென்றால், அந்தப் பாட்டில் நம்பிக்கை இல்லாதது எங்களுக்குத்தான்.

இது தூரத்து இத்தாலிக் கதை மட்டும் இல்லை. எங்கட பத்திரிகைகளில் ஒரு மனைவி கொல்லப்பட்டால் தலைப்பில் முதலில் வாற சொல் ‘கள்ளக்காதல்’. கொன்றவனின் கோபத்துக்குக் காரணம் கிடைத்துவிடும். செத்தவளுக்குப் பெயர்கூடக் கிடைக்காது. மரியா தாவலோஸும் பெரும்பாலும் ‘ஜெசுவால்டோவின் துரோக மனைவி’யாகத்தான் வாறாள். அவள் ஜெசுவால்டோவின் நெருங்கிய உறவுக்காரி, அவரை மணக்க முதலே விதவையானவள், ஒரு சின்னப் பிள்ளையின் தாய் என்பதை எத்தனை பேர் எழுதுகிறார்கள்?

கசுலானாவிடம் திரும்பி வருவோம். 1583இல் அவளுடைய ஐந்து குரல் மட்ரிகல் புத்தகம் வந்தது. ஐந்து குரலுக்கும் ஐந்து தனிப் புத்தகம். அதில் ஆல்டோ குரலின் புத்தகம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போலந்து நூலகம் ஒன்றிலிருந்து காணாமல் போனது. ஒரு குரல் இல்லாமல் அந்தப் பாட்டுகளை முழுதாகப் பாட முடியாது. லோரி ஸ்ட்ராஸ் என்ற இசை ஆய்வாளர் அதை மொஸ்கோவில் உள்ள நூலகத்தில் கண்டுபிடித்தார். 2022இல் அந்தச் செய்தி வெளியே வந்தது. இப்போது அந்தப் பாட்டுகளை ஐந்து குரலிலும் பாடலாம். ஜெசுவால்டோவை அறிமுகப்படுத்த எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இதை அறிமுகப்படுத்த ஆள் குறைவு. ‘மோரோ, லாஸ்ஸோ’வைக் கேட்டு முடித்தபிறகு கசுலானாவின் பெயரையும் தேடிப் பாருங்கோ. கொலைக் கதை ஒன்றும் தேவைப்படாது.