பெருநாள் உடையும் திருப்பிக் கொடுக்கும் உரிமையும்

கடந்த ரமளானின் இறுதிப் பத்தில், எங்கள் இல்லத்துச் சிறுமிக்கென இணையத்தில் வாங்கிய பெருநாள் உடை வந்து சேர்ந்தது. விளம்பரத்தில் பருத்தி என்றிருந்தது. பொட்டலத்தில் இருந்ததோ தொட்டாலே உறுத்தும் செயற்கை இழை. தள்ளுபடியில் விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று விற்பனையாளர் கைவிரித்துவிட்டார். இத்தகைய வேளைகளில் 'ஸப்ர் செய்வோம்' என்று சொல்லி நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். ஏமாற்றியவருக்கு அது வசதியாகிவிடுகிறது. பொறுமைக்குரிய இடம் அதுவன்று என்பதே எமது கருத்து.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, பழுதான, போலியான, அல்லது விளம்பரத்தில் சொன்ன தன்மைக்கு மாறான பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ, பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கலாகாது. தாமதமாக வந்த பொருளுக்கும் இது பொருந்தும். தள்ளுபடி என்று எழுதி ஒட்டிவிட்டால் இந்தக் கடமை நீங்கிவிடாது. குறைதீர்ப்பு அலுவலர் முறையீட்டை 48 மணி நேரத்திற்குள் ஏற்று, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. அதற்கும் மசியாதவர்மீது நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ரசீதையும் விளம்பரப் பக்கத்தின் படத்தையும் முதல் நாளே சேமித்து வைத்தல் நலம்.

ஆனால் நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பதற்கெல்லாம் இவ்விதி துணை வராது. அது அந்தந்த நிறுவனம் தரும் சலுகை மட்டுமே. அச்சலுகையை நம் வீடுகளிலும் சிலர் கையாளும் விதம் வருத்தமளிக்கிறது: விலைச்சீட்டை உள்ளே மறைத்துப் பெருநாளன்று உடுத்திவிட்டு, மறுநாள் 'அளவு சரியில்லை' என்று திருப்பி அனுப்புகின்றனர். பால் மிகுதியெனக் காட்ட மடி கட்டி விற்கப்பட்ட ஆட்டை வாங்கியவர், விரும்பினால் அதைத் திருப்பித் தரலாம் என்று நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். அத்துடன் ஒரு ஸாஉ பேரீச்சம்பழமும் கொடுக்கச் சொன்னார்கள். ஏமாற்றப்பட்டவரே கறந்த பாலுக்கு ஈடு தர வேண்டியிருக்க, ஏமாற்றப்படாமலே உடுத்தி அனுப்புபவரின் நிலை என்ன?

எங்கள் உடையை அதன் உறையிலேயே வைத்திருந்தோம். பணம் பெருநாள் கழிந்து பன்னிரண்டாம் நாள் வந்தது. சிறுமி சென்ற ஆண்டின் உடையிலேயே தொழுகைக்குப் போய் வந்திருந்தாள்.