கதிர் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தாதீர்!

கீழவைப்பாரில் சமீபத்தில் ஒரு வீட்டிற்குப் போயிருந்தோம். உப்பளத்தில் கூலிவேலை செய்யும் தாய் ஒருவருக்குக் கருப்பைவாயில் புற்றுநோய். கதிர் சிகிச்சை நடந்து வந்தது. மூன்றாவது வாரம் வயிற்றுப்போக்கு கண்டது. நாளைக்கு ஏழெட்டுத் தடவை. "வைத்தியம் பாக்கப்போயி வயித்தையும் கெடுத்துக்கிட்டேன் அண்ணாச்சி, இனிப் போகமாட்டேன்" என்றார். நாலு நாளாகப் போகவும் இல்லை.

அவரைக் குறைசொல்ல நமக்கு யோக்கியதை ஏது? விஷயத்தை அவருக்கு விளங்கச் சொன்னவர் யார்?

புற்றுநோய் என்பது உயிரணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய். கதிரும் மருந்தும், வேகமாகப் பெருகும் அணுக்களையே அதிகமாகத் தாக்குகின்றன. நம் குடலின் உட்தோலோ மூன்று முதல் ஐந்து நாட்களில் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. ஆகவே களைக்கு விழும் அடி பயிருக்கும் விழுகிறது. கருப்பைவாய்க்கு அருகில்தான் மலக்குடல் இருக்கிறது. பழைய தோல் உதிர, புதுத்தோல் முளைக்காமல் குடல் புண்ணாகிறது. போக்கும் கடுப்பும் வருகின்றன. சிகிச்சை முடிந்த சில வாரங்களில் பெரும்பாலோருக்கு இது ஆறிவிடும். சிலருக்கு மாதங்கள், வருஷங்கள் கழித்தும் மலத்தில் ரத்தம் வரலாம். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லவேண்டும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ம் ஆண்டு சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுந்தது. அந்தக் காலத்துக் கோபால்ட் யந்திரத்தைவிட இன்றைய யந்திரங்கள் நன்றாகக் குறிபார்க்கின்றன. குடலுக்குச் சேதம் குறைந்திருக்கிறது, அறவே நீங்கிவிடவில்லை.

பாதியில் நிறுத்துவதுதான் பேராபத்து. கருப்பைவாய்ப் புற்றுக்குக் கதிர் சிகிச்சை முழுவதும் எட்டு வாரத்திற்குள் முடியவேண்டும் என்பது டாக்டர்களின் கணக்கு. இழுத்துக்கொண்டு போனால் நோய் மறுபடி தலைதூக்கும். போக்கிற்கோ மருந்து உண்டு. உப்பு-சர்க்கரைக் கரைசலும் உண்டு; 1971ல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலநபிஸ் காலராவிலிருந்து ஆயிரக்கணக்கானோரைக் காத்தது இதைக் கொண்டுதான். போக்கோடு காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

எல்லாம் சரி. கூலிக்கு என்ன வழி? இ.எஸ்.ஐ.யில் சந்தா கட்டும் மில் தொழிலாளிக்குப் புற்றுநோய் வந்தால், விதிகளுக்கு உட்பட்டு, இரண்டு வருஷம்வரை சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். தோழர்களே, அது தர்மம் அல்ல, உங்கள் உரிமை, கேட்டு வாங்குங்கள். வயலிலும் உப்பளத்திலும் நாட்கூலிக்கு உழைப்பவருக்கு? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. இழந்த கூலியை ஈடுசெய்வதில்லை. வயிறு போகிற நிலையில் வாரம் ஐந்து நாள் பஸ்ஸில் எப்படிப் போய்வருவது? கக்கூஸுக்கு எங்கே போவது?

சிகிச்சை நாட்களுக்குக் கூலி, ஆஸ்பத்திரி அருகிலேயே தங்க இடம், பக்கவிளைவை முன்கூட்டியே தமிழில் விளக்கிச் சொல்ல ஒரு நர்ஸ்: இம்மூன்றையும் சர்க்கார் செய்யவேண்டும்.

அந்தத் தாயை மறுநாளே நாம் அழைத்துப் போனோம். டாக்டர் மருந்து கொடுத்தார், சிகிச்சை தொடர்கிறது. அழைத்துப்போக ஆளில்லாத தாய்மார்கள் எத்தனை பேரோ!