ஊர் கூடி உடைத்த எண்

ஆடிப்பூரத்தன்று திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் தேரைப் பெருந்திரளான மக்கள் வடம்பிடித்து இழுக்கின்றனர். தேர் அசைந்ததில் யார் பங்கு எவ்வளவு என்று எவரும் கணக்கிடுவதில்லை. கணித உலகிலும் இத்தகைய தேர்கள் உண்டு.

7ஐயும் 13ஐயும் பெருக்கினால் 91 என்று உடனே கூறிவிடலாம். 91ஐக் கொடுத்து அதன் காரணிகளைக் கேட்டால் சற்றே தயங்குவோம். எண் நூறு இலக்கங்களைத் தாண்டும்போது இத்தயக்கம் மலையாக வளர்கிறது. இணையவழிச் செய்திகளைக் காக்கும் பூட்டுகளுள் ஒன்று இக்கடினத்தையே அடித்தளமாகக் கொண்டது. ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் ஆகிய மூவர் அதனை உருவாக்கி, 1977ஆம் ஆண்டு 129 இலக்க எண் ஒன்றை உலகிற்கு அறைகூவலாக விடுத்தனர். அதன் காரணிகளைக் காணக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என அந்நாளில் மதிப்பிடப்பட்டது. ஆனால், 1994 ஏப்ரலில் அவ்வெண் இரு பகா எண்களாக உடைந்தது. ஏறத்தாழ 600 தன்னார்வலர்கள் தத்தம் கணினிகளின் ஓய்வு நேரத்தை எட்டு மாதங்கள் ஈந்ததன் பயன் அது.

இத்தேரை எல்லோரும் ஒரே வேளையில் இழுக்க வேண்டியதில்லை. வேலை சிறு சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு கணினியும் தன் பங்கைத் தனியே தேடிக் கண்டவற்றை மின்னஞ்சலில் அனுப்பியது. அவற்றை ஒரு பெருங்கணினி ஒன்றிணைத்து விடை கண்டது.

பூட்டை உடைப்பதும் ஒரு தொண்டா எனச் சிலர் வினவலாம். ஊரறியப் பூட்டின் வலிமையைச் சோதிப்பவர் திருடர் அல்லர். மறைவில் ஒருவர் உடைத்திருந்தால் நாம் ஏமாந்திருப்போம். வெளிப்படையாக உடைந்ததனால், பூட்டு இன்னும் எவ்வளவு வலிமை பெறவேண்டும் என்பது விளங்கிற்று. இன்று 617 இலக்க எண்கள் பரவலாகப் பயன்படுகின்றன.

காரணி தேடும் இம்மரபு நம் நாட்டோடும் தொடர்புடையது. டெல்லியில் பிறந்து, ரூர்க்கி பொறியியல் கல்லூரியில் கணிதம் கற்பித்த ஆலன் கன்னிங்காம், உட்டால் என்பவருடன் இணைந்து 1925இல் காரணி அட்டவணை நூலொன்றை வெளியிட்டார். அவ்வட்டவணையில் எஞ்சிய இடங்களைத் தன்னார்வலர்கள் இன்றளவும் நிரப்பி வருகின்றனர்.

எனினும், ஓய்வு நேரம் முற்றிலும் இலவசமன்று. சும்மா இருக்கும் கணினியைவிடக் கணக்கிடும் கணினி மிகுதியான மின்சாரத்தை உண்ணும். நூற்பாலைகள் நிறைந்த இராசபாளையத்தில் வாழ்வோருக்கு மின்கட்டணத்தின் சுமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. பள்ளிக் கணினி பொதுச்சொத்து. தலைமையாசிரியரின் இசைவின்றி அதில் நிரலை நிறுவுதல் தொண்டாகாது. பிறர் பொருளை எடுத்து வழங்குவதற்குக் கொடை என்று பெயரில்லை.

இசைவும் வாய்ப்பும் அமையுமானால், இவ்விரு ஊர்களின் மாணவர்களும் இப்பணியில் இணையலாம். இதற்குப் பெருநகரமோ பெரிய நிறுவனத்தின் முகவரியோ தேவையில்லை. ஆனால், கணினியை மட்டும் ஈந்துவிட்டு அது செய்யும் கணக்கை அறியாதிருத்தல் கூடாது. அது வடத்தைத் தொட்டுவிட்டுத் தேரைப் பாராமல் திரும்புவதற்கு ஒப்பாகும்.