ட்யூப் லைட் சமாசாரம்

ஆபீஸில் ஜோக் சொல்லி, எல்லோரும் சிரித்து முடித்து, டீ கிளாஸைக் கீழே வைத்த பிறகு ஒருத்தர் மட்டும் தனியாகச் சிரிப்பார். அவருக்கு நாம் வைத்திருக்கிற பெயர் 'ட்யூப் லைட்'. இந்தப் பெயருக்குள் எத்தனை விஞ்ஞானம் ஒளிந்திருக்கிறது தெரியுமா, சார்?

ட்யூப் லைட் தயங்கித் தயங்கி எரிவது ஸ்டார்ட்டரின் கைங்கரியம். அதை விடுங்கள். விஷயம் கண்ணாடிக்கு உள்பக்கம் இருக்கிற வெள்ளைப் பூச்சில். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமாகத் திருப்பித் தருகிறது அது. இந்த வித்தைக்கு 'ஃப்ளோரசன்ஸ்' என்று 1852-ல் பெயர் வைத்தவர் கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் ஸ்டோக்ஸ்.

வாங்கின ஒளியை யாரும் உடனே திருப்பித் தருவதில்லை. கொஞ்சம் டயம் எடுத்துக்கொள்கிறார்கள். என் பி.காம். பாஷையில் சொன்னால், கிரெடிட் பீரியட். விஞ்ஞானிகள் இதை 'ஆயுள்' என்கிறார்கள். லேபுகளில் புழங்கும் ஃப்ளோரசீன் என்ற சாயத்துக்கு ஆயுள் சுமார் 4 நானோ செகண்ட். ஒரு நானோ செகண்டில் ஒளியே ஒரு அடி ஸ்கேல் நீளம்தான் ஓடும். அவ்வளவு சின்ன நேரம்!

இதை அளந்து யாருக்கு லாபம்? சொல்கிறேன்.

கலந்து கிடக்கும் செல்களில் வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்க 'செல் ஸார்ட்டர்' என்றொரு மெஷின் உண்டு. 1965-ல் மேக் ஃபுல்வைலர் செய்தது. இடம், அணுகுண்டு பிறந்த அதே லாஸ் அலமாஸ். செல்களை மெல்லிய நீர்த்தாரையில் க்யூவில் ஓடவிட்டு, தாரையைச் சொட்டுச் சொட்டாக உடைத்து, வேண்டிய செல் இருக்கும் சொட்டுக்கு மட்டும் மின்சாரம் ஏற்றி ஓரங்கட்டிப் பிடிக்க வேண்டியது. சொட்டை இப்படி வளைக்கும் யோசனை இங்க்ஜெட் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. பிறகு ஸ்டான்ஃபோர்டில் லென் ஹெர்ஸன்பெர்க் ஒளிரும் சாயத்தையும் லேசரையும் சேர்த்தார். இன்றைக்கு செகண்டுக்குப் பல ஆயிரம் செல்களைப் பார்க்கிறது மெஷின்.

ஆனால் அது கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "நீ எவ்வளவு பிரகாசம்? என்ன கலர்?"

பிரகாசத்தை நம்ப முடியாது, சார். சாயம் கொஞ்சம் கூட ஒட்டினால் ஏறும். லேசர் மங்கினால் இறங்கும். ஒரே கலரில் இரண்டு சாயம் வந்தால் மெஷின் திருதிரு என்று விழிக்கும். ஆயுள் அப்படி இல்லை. சாயம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஆயுள் பெரிதாக மாறாது. ஒருத்தன் சட்டைப்பையில் எவ்வளவு வைத்திருக்கிறான் என்பதைவிட, கைமாற்றை எத்தனை நாளில் திருப்பித் தருகிறான் என்பதுதானே ஆளைக் காட்டும்!

இன்னொரு சௌகரியம். செல்லுக்குள் இயற்கையாகவே ஒளிரும் என்.ஏ.டி.ஹெச். என்ற சரக்கு இருக்கிறது. அது தனியாகத் திரிந்தால் ஆயுள் சுமார் அரை நானோ செகண்ட். புரதத்தோடு ஒட்டிக்கொண்டால் பல மடங்கு நீள்கிறது. ஆக, சாயமே பூசாமல் செல்லின் உள்விவகாரத்தைத் தெரிந்துகொள்ளலாம். பொறுக்கி எடுத்த செல்லை மறுபடி ஒரு நோயாளியின் உடம்பில் ஏற்றவேண்டும் என்றால், சாயம் படாத செல்லுக்குத் தனி மதிப்பு.

சிக்கல், நேரம். செல் லேசரைத் தாண்ட சில மைக்ரோ செகண்ட். அடுத்த சில மில்லி செகண்டில் சொட்டு உடைந்துவிடும். தீர்ப்பு அதற்குள் வரவேண்டும்.

இதற்கு ஒரு யுக்தி: லேசரை செகண்டுக்கு ஒரு கோடி தடவை ஏற்றி இறக்குவது. செல்லின் ஒளியும் கூடவே ஏறி இறங்கும், ஆனால் சற்றுப் பின்தங்கி. பஜனையில் எல்லோருக்கும் பின்னால் கை தட்டுகிறவர் மாதிரி. ஒரு சுற்று 100 நானோ செகண்ட் என்றால், 4 நானோ செகண்ட் ஆசாமி சுமார் 14 டிகிரி பின்னால் நிற்பார். அந்தக் கோணத்திலிருந்து ஆயுளைக் கணக்குப் போட்டுவிடலாம். 1990-களில் லாஸ் அலமாஸில் ஜான் ஸ்டீன்காம்ப் இப்படி ஓடும் செல்களை அளந்தார். 2014-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், ஒரே கலரில் ஒளிரும் புரதங்கள் கொண்ட செல்களை ஆயுளை வைத்தே பிரித்துக் காட்டினார்கள். இப்போது கணக்கை கம்ப்யூட்டருக்கு அனுப்பிக் காத்திராமல், மெஷினுக்குள் இருக்கும் சிப்பிலேயே போட்டு முடிக்கிறார்கள்.

ரத்தப் புற்றுநோய் சிகிச்சை முடிந்ததும் பத்தாயிரம் செல்லில் ஒன்று மிச்சமிருக்கிறதா என்று தேடுகிறவர்கள் டாக்டர்கள். செல்களை ஓடவிட்டு எண்ணும் மெஷின்தான் இன்றைக்கு அந்தத் தேடலைச் செய்கிறது. ஆயுள் பார்க்கும் மெஷின் இன்னும் ஆராய்ச்சிக்கூடத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வர நாளாகலாம்.

பரவாயில்லை. அது வரும்வரைக்கும் நம் ஆபீஸுக்கு ஒரு பாடம். தீர்ப்பு சரியாக இருந்தால் மட்டும் போதாது, சொட்டு உடைவதற்குள் வரவேண்டும். ரிட்டயர் ஆகி ஆறு மாதம் கழித்து பிரமோஷன் ஆர்டர் கையில் வாங்கினவரைக் கேட்டுப் பாருங்கள். சொல்வார்!